அம்மி ஏற்றிய டிரெய்லர்

பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளை வீட்டுப் படி இறங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குவார்கள். அன்றிலிருந்து கல்யாணம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டோடு கிடக்க வேண்டும். ஆக்லாந்தில் வேலைக்குப் போகிற மற்ற மாப்பிள்ளைகள் இதை எப்படிச் சமாளித்தார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் மாமாவுக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. அவருடைய வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்து, லின்ஃபீல்டில் எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு வருடம் படுத்து எழும்பியவர். இங்கே எங்கள் ஆட்கள் எல்லாரும் மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஹென்டர்சனில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியிடம் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் இருந்தன. எங்கள் குசினி யன்னல் வழியாக ஒரு வயரை இழுத்து மின்சாரம் எடுத்துக்கொண்டார். அம்மா இரண்டு நாள் அழுதார். பிறகு பெண் வீட்டாரிடம் பேசும்போது, தம்பி தனியாகத்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அம்மம்மாவும் அம்மப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். சண்டை நடந்த அந்த வருடங்களில் அங்கே போன் கிடையாது. கடிதம் போய்ப் பதில் வர நாலைந்து மாதம் ஆகும், சில வேளை வராமலே போகும். ஆகவே தாய் தகப்பன் நின்று செய்ய வேண்டிய கல்யாணத்தை அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு முறையும் பிசகக் கூடாது, பெண் வீட்டார் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. கல்யாணத்துக்கு முந்திய மூன்று மாதமும் அம்மாவுக்கு இதைத் தவிர வேறு நினைப்பில்லை. வீட்டில் எதைத் தொட்டாலும் அதற்கொரு முறை இருந்தது. வெற்றிலையின் நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தட்டத்தை எந்தக் கையால் வாங்க வேண்டும், யார் முதலில் சிரிக்கலாம் என்பதுவரை அம்மா சொன்னார். நானும் அப்பாவும் வாயை மூடிக்கொண்டு நடந்தோம்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, கிளென்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சனிக்கிழமை காலையே சாமான்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பெண் வீடு அங்கேயே பக்கத்தில் என்றபடியால் மரக்கறியும் பூவும் அவர்கள் பொறுப்பு. மணவறைத் துண்டுகள், சமையல் கிடாரங்கள், குத்துவிளக்கு, அம்மி எல்லாம் எங்கள் பொறுப்பு. பெண் காலை வைத்து அருந்ததி பார்ப்பதற்கு ஒரு அம்மி வேண்டும். எங்களுக்குத் தெரிந்து அப்போது நகரத்தில் ஒரே ஒரு அம்மிதான் இருந்தது. கப்பலில் சாமானோடு சாமானாக அதைக் கொண்டுவந்திருந்த ஒரு குடும்பம், எல்லாக் கல்யாணத்துக்கும் இரவல் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் சின்னக் காரால் இவ்வளவையும் இழுக்க முடியாது. மோட்டார்ஹோமின் பின்னால் டிரெய்லர் கொழுவுவதற்கான இரும்புக் குண்டு இருந்தது. வெள்ளைக்காரக் கிழவர் அதில் படகு இழுத்துத் திரிந்தாராம். பெட்ரோல் ஸ்டேஷனில் கம்பிவலைக் கூடு வைத்த டிரெய்லர் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் அப்பா அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டியதில்லை. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் மாமா. அவருக்கோ புதன்கிழமையே பொன்னுருக்கியாகிவிட்டது.

அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். வண்டிதானே அவனுக்கு வீடு, வீட்டை விட்டு இறங்காமல் வீட்டோடேயே போனால் குற்றமில்லை. அப்படியானால் ஸ்டியரிங் இருக்கிற இடம் ஹோலா குசினியா என்று அப்பா கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஆகவே புதன் தொடக்கம் மாமா மோட்டார்ஹோமை விட்டு இறங்கவில்லை. மூன்று நேரமும் நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ராஜா மாதிரிக் கட்டிலில் படுத்திருந்து, குழம்பில் உப்புக் குறைவு என்று திருப்பி அனுப்புவார்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்கு முன் புறப்பட்டாக வேண்டும். மாமா உள்ளே இருந்தபடியால் டிரெய்லரைக் கொழுவுகிற வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. அவர் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர். டிரெய்லரைத் தள்ளி வருவதற்குள்ளேயே வியர்த்துவிட்டது. மாமா யன்னலால் தலையை நீட்டி, பதினைந்து வயதிலிருந்து உழவு மெசினில் பெட்டி இழுத்தவன் நான், இதெல்லாம் ஒரு வேலையா என்று உற்சாகப்படுத்தினார். உழவு மெசின் என்கிற டிராக்டர் மணிக்குப் பத்து மைல் போனால் பெரிய காரியம் என்பதை அவர் சொல்லவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அங்கிள் வந்தார். பிஜிக்காரர். அவருடைய பாட்டனார் காலத்தில் மதராஸ் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். வீட்டுக்குள் பேசிப் பேசி மிஞ்சிய கொஞ்சத் தமிழ் அவரிடம் இருந்தது. பழுதான வண்டிகளை இழுத்துவரும் லொறி ஓட்டுவது அவர் தொழில். குண்டின் மேல் டிரெய்லரின் கிண்ணத்தை இறக்கிப் பூட்டுவது, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்ப்பது, கழன்றாலும் ஓடிவிடாதபடி சங்கிலி போடுவது, விளக்கு வயரைச் சொருகுவது என்று எல்லாவற்றையும் அப்பாவுக்குச் செய்து காட்டினார். சிக்னல் எரிகிறதா என்று பின்னால் நின்று சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. நான் ஆங்கிலத்தில் இடம், வலம் என்று கத்தினேன்.

பிறகு சாமான் ஏற்றினோம். அம்மா டிரெய்லரின் பக்கத்தில் நின்று ஒழுங்கு சொன்னார். பிள்ளையார் படம் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். அதன் பின்னால் கும்பச் சாமான், துணிமணி, மணவறைத் துண்டுகள். மணவறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கையும் தங்கத் தாளும்தான். ஒரு குழந்தை தூக்கிவிடும். கரி பிடித்த கிடாரங்களும் காஸ் சிலிண்டர்களும் இரும்பு அடுப்புகளும் சாமிக்கு அருகில் வரக் கூடாது, அவை பின்னால். அம்மியை எங்கே வைப்பது என்று அப்பா கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கால் படுகிற கல், அது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் என்றார்.

பிஜி அங்கிள் கிண்ணத்தின் பூட்டைத் திறந்து, டிரெய்லரின் மூக்கை இரண்டு விரலால் தூக்கினார். அது லேசாக எழும்பியது. எனக்கு அவர் பெரிய பலசாலியாகத் தெரிந்தார். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

“மூக்குல கனம் இல்ல. பின்னால எல்லாம் கனம். இது ஆடும்.”

பாரத்தை முன்னுக்கு மாற்றச் சொன்னார். சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கனமெல்லாம் இருக்க வேண்டும், மூக்கைத் தூக்கும்போது முதுகு நோக வேண்டும் என்று கையால் காட்டினார். மாட்டு வண்டி பார்த்த எவருக்கும் அது விளங்கும். பின்பாரமாக ஏற்றினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். அப்பாவுக்கு விளங்கிவிட்டது என்பது அவர் தலை ஆடிய விதத்தில் தெரிந்தது. ஆனால் அம்மி பிள்ளையாருக்கு முன்னால் போவதா என்று அம்மா கேட்டபோது அதே தலை அந்தப் பக்கமும் ஆடியது. மாமாவோ யன்னலில் இருந்தபடி, மெசின் பெட்டியில் நாங்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்ததே இல்லை என்றார். மணி எட்டே முக்கால். அம்மா சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். டிரெய்லர் சக்கரத்துக்கும் வைக்க வேண்டுமா என்பதற்கு இன்னும் ஒரு நிமிடம் யோசனை போயிற்று. வைத்தார். அங்கிள் பெருமூச்சு விட்டு, கிண்ணத்தை மறுபடி பூட்டி, அப்பாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். நாங்கள் புறப்பட்டோம்.

அப்பா முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில். அம்மா தாலியும் கூறைச்சேலையும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நடு இருக்கையில். நான் பின்கட்டிலில் முழங்காலில் நின்று, பின் கண்ணாடியால் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நகரத் தெருக்களில் போனவரை அது நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. துறைமுகப் பாலத்தில் ஏறும்போதும் ஒன்றும் இல்லை. பாலத்தின் உச்சியில் கடற்காற்று பக்கவாட்டில் அடித்தது. இறக்கம் தொடங்கியதும் மாமாவுக்கு மெசின் ஓட்டிய பழைய உற்சாகம் வந்துவிட்டது போலும், வண்டி வேகம் பிடித்தது.

முதலில் டிரெய்லர் மெல்ல இடமும் வலமும் அசைந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. கை காட்டினேன். பிறகு அசைவு பெரிதாகியது. கட்டுக்கு அடங்காத மாடு கயிற்றை இழுப்பது போல அது எங்கள் வண்டியின் பின்புறத்தை ஒரு பக்கம் இழுத்தது, அடுத்த நொடி மறுபக்கம். நான் கட்டிலில் விழுந்தேன். மேல் அலுமாரி திறந்து பயற்றம் பணியார டின் அம்மாவின் காலடியில் விழுந்து உருண்டது. பக்கத்து லேனில் வந்த கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்வாங்கியது. அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முருகா முருகா என்றார். மாமாவின் கால் பிரேக்குக்குப் போவதை அப்பா கண்டிருக்க வேண்டும்.

“பிரேக்கை மிதியாதையும். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கொண்டு காலை மட்டும் எடும்.”

கடைக்குப் போய்ப் பால் வாங்கி வா என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். பிஜி அங்கிள் தனியே கூப்பிட்டுச் சொன்னது அதுதானாம். ஆடினால் பிரேக் போட்டால் பிரட்டிவிடும், திருப்பினாலும் பிரட்டிவிடும், காலை எடுத்துவிட்டு அதுவாக அடங்கும்வரை பொறு. மாமா காலை எடுத்தார். வண்டி மெல்ல மெல்ல வேகம் இழந்தது. ஆட்டம் இன்னும் இரண்டு மூன்று முறை வந்து, பிறகு அடங்கியது. பாலம் முடிந்து அடுத்த வழியால் வெளியேறி, ஒரு புல் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

அப்பா இறங்கிப் போய்ப் பார்த்தார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். கிண்ணமும் சங்கிலியும் அப்படியே இருந்தன. அம்மி இன்னும் பின்னால் சறுக்கி, டிரெய்லரின் கதவை வெளியே நெளித்துக்கொண்டு கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் அது பாலத்தில் யாருடைய கார்க் கண்ணாடிக்குள்ளோ போயிருக்கும். மாமா வண்டிக் கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தார். இறங்காதே என்று அம்மா தடுத்தார். மாமா காலை எடுத்துக்கொண்டார்.

அப்பாவும் அம்மாவும் அம்மியை இரு பக்கம் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். ஒரு சாண் நகர்ந்தது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இன்னொரு முறை முயன்றார்கள். அப்பாவின் முகம் வெளுத்தது. அம்மா அம்மியைப் பார்த்தார். வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார். மாமா இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்தபடி பாலத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இறங்கு தம்பி,” என்றார் அம்மா.

“அக்கா, பொன்னுருக்கினது?”

“நீ உயிரோட மணவறையில வந்து இருந்தால் எனக்கு அதுவே காணும். இறங்கு.”

மாமா இறங்கினார். மூன்று நாளுக்குப் பிறகு நிலத்தில் கால் வைத்த மனிதர் ஒரு முறை தள்ளாடினார். எல்லாவற்றையும் புல்லில் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அம்மி சக்கரத்துக்கு முன்னால், கிடாரங்கள் அதற்குப் பக்கத்தில், சிலிண்டர்களைக் கயிறு போட்டு இறுக்கி. மணவறை பின்னால் போயிற்று. பிள்ளையாரை எங்கே வைப்பது என்று மாமா கேட்டார். அம்மா படத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதலே அப்படிச் செய்திருக்கலாமே என்று நான் கேட்டேன். பத்து வயதுக்காரியின் நியாயம் அது, ஈவிரக்கம் இல்லாதது.

“செய்திருக்கலாம்,” என்றார் அம்மா. “எனக்குத் தெரியேல்லை.”

எனக்குப் பெரிய வெற்றி. மூன்று மாதமாக வெற்றிலை நுனியிலிருந்து எல்லாம் தெரிந்த அம்மா, தனக்குத் தெரியாது என்று வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியோடு பூட்டினார். ராகு காலம் எப்போதோ தொடங்கிவிட்டது. யாரும் மணி பார்க்கவில்லை. மீதித் தூரத்தை மாமா உழவு மெசின் வேகத்திலேயே ஓட்டினார். டிரெய்லர் இருந்த இடம் தெரியாமல் பின்னால் வந்தது.

மண்டபத்தில் பெண்ணின் தாயும் அவர்களுடைய உறவுப் பெண்களும் வட்டமாக இருந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் இவ்வளவு பிந்தியது என்று யாரோ கேட்டதுதான் தாமதம், நான் நடுவில் நின்று கதையை அவிழ்த்துவிட்டேன். டிரெய்லர் ஆடியதை இடுப்பை ஆட்டிக் காட்டினேன். அம்மா முருகா என்றதை அம்மாவின் குரலிலேயே சொன்னேன். கால் படுகிற கல் சாமிக்குப் பின்னால்தான் போக வேண்டும் என்ற முறை, மாமா வீட்டை விட்டு இறங்காமல் வீட்டை ஓட்டிய முறை, டிரெய்லருக்கும் எலுமிச்சம்பழம் வைத்த முறை, ஒன்றையும் விடவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கொண்டாட்டம். அம்மா குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு கதவால் வந்தது எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

பெண்ணின் தாய் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். அம்மாவைப் பார்த்து, அம்மிக்கு அப்படி ஒரு முறை நாங்கள் கேள்விப்பட்டதில்லையே, உங்கள் பக்கத்தில் உள்ளதோ என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஓம், எங்கட பக்கம் அப்பிடித்தான் என்றார் அம்மா. பிறகு பெண்ணின் தாய் என் பக்கம் திரும்பினார்.

“பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளை றோட்டில இறங்கினவரோ, பிள்ளை?”

ஓம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த உறவுப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பூவைக் கையில் எடுத்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அம்மா விளக்கை மூலையில் வைத்துவிட்டு மீதிச் சாமானை எடுக்க வெளியே போனார். நெடுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, வெறும் டிரெய்லரின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, என் கல்யாணத்துக்கு முறைகளை எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மிக்கு என்ன முறை என்று அம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒரு முறையும் இல்லை என்றார். அப்பா எங்கே வைப்பது என்று கேட்டார், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன் என்றார். அவர் ஊரைவிட்டு வருவதற்கு முன் கிட்ட நின்று பார்த்த கல்யாணம் மொத்தம் இரண்டு. அதில் ஒன்று அவருடையது. மணவறையில் தலை குனிந்து இருந்தவர் அதில் எதைப் பார்த்திருக்க முடியும்? மூன்று மாதமாக வீட்டை ஆட்டிவைத்த முறைகளில் பாதி அரைகுறை ஞாபகம், மீதி பயம். பாலத்தைத் தாண்டி அந்தப் புல் ஓரத்தில் அவர் முறையை விட்டது தோற்றுப்போய் அல்ல. முறையா தம்பியா என்று வந்தபோது தம்பியைத் தூக்கிக்கொண்டார். அதைத்தான் நான் பகிடியாக்கிச் சபையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. தாலி கட்டினார்கள். பெண் அம்மியில் கால் வைத்தார், மாமா பகல் வெளிச்சத்தில் கூரையைக் காட்டி அருந்ததி என்றார். அம்மா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சடங்குக்கும் ஐயரின் முகத்தையும் பெண்ணின் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்தி முடிந்து மண்டபம் கலகலத்துக்கொண்டிருந்தபோது, அம்மா மேடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வெளியே பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஓடும் வழியில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எல்லாம் முறையா நடந்ததோ, பிள்ளை?”

எனக்கு அவசரம். எல்லாம் ஓகே அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை உருவிக்கொண்டு ஓடினேன். மண்டபத்தில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரிலும் அம்மாவால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியதாக இருந்தது என்னிடம் மட்டும்தான் என்பது எனக்கு அன்று தெரியாது.